இங்கே வண்டி நிற்காது

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்துபோய் வேறு வேலையைப் பார்க்கலாம், எனக்குக் கோபமில்லை. என் அக்காவிடம் மட்டும் போய், "சும்மா அடிச்சு விடறீங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் உங்கள் பல்லுக்கு நான் பொறுப்பில்லை. பல் விஷயத்தில் அவள் கைதேர்ந்தவள். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பதுதான் அவளுடைய தொழில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, படபடவென்று அடித்துக்கொள்ளும் ஜன்னல் என்று காத்திருப்பவர்களுக்கு இதில் ஏமாற்றம்தான். எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் அக்கா வீட்டு மாடியறையில் ஒரு ரயில் நின்றது... நிற்கக் கூடாத இடத்தில்.

சின்ன ரயில்தான். எஞ்சின் என் கட்டைவிரல் உயரம் இருக்கும். சிரிக்காதீர்கள். முக்கால் அறையை அடைத்துக்கொண்ட ஒரு மேஜை, அதன்மேல் மலை, மலையைக் குடைந்து ஒரு சுரங்கம், ஒரு பாலம், ஒரு ஸ்டேஷன், இவற்றையெல்லாம் சுற்றிவரும் தண்டவாளம். அதைச் செய்தவர் ஒரு கடிகாரக்காரர். ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் இந்த மேஜையோடு குடும்பம் நடத்தியவர். அவர் இறந்துபோனார். அவருடைய மனைவி அதை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அக்கா போனாள்.

"இத்தனை வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ள போற சாமானையே செஞ்சாச்சு. எனக்குன்னு ஒண்ணு வேணும்டா" என்றாள் என்னிடம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ரயில் பொம்மை எனக்குத்தான் வாங்கினார்கள். அதைப் பிரித்துப் பார்த்து, திரும்ப மாட்டி, ஓட வைத்ததெல்லாம் அவள். ஐம்பது வயதுக்குமேல் அந்த ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது.

கடிகாரக்காரரின் மனைவி பேரம் பேசவே இல்லை. "மேஜையோட எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. ஒரு ஆணிகூட இங்க இருக்க வேணாம்" என்றார். வேன் கிளம்புவதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார். துக்கத்தில் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அக்கா சும்மா இருப்பாளா? தண்டவாளத்தை அங்குலம் அங்குலமாகத் துடைத்தாள். சக்கரங்களைக் கழற்றிக் கழுவினாள். பல்லச்சு எடுக்கும் பிளாஸ்டரைக் குழைத்து மலையின் விரிசலை அடைத்தாள். ஈறு செய்யும் ரோஸ் நிறச் சாமானில் ஸ்டேஷனுக்குக் கூரை போட்டாள். உலகத்திலேயே ஈறு வைத்த ஸ்டேஷன் அது ஒன்றுதான் என்று மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் டிரைவர். இளகிய மனசு. ஸ்டாப்பே இல்லாத இடத்தில் யாராவது கை காட்டினால்கூட நிறுத்திவிடுவார். அதற்காக ஆபீசில் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை ரயிலை ஓட விட்டபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சுரங்கத்துக்குள் போனது. வெளியே வந்தது. பாலத்தை நோக்கிப் போனது. நடுவில்... நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தாள். தண்டவாளத்தில் மெல்லிசாக ஒரு வெட்டு. ஒரு சாண் தள்ளி இன்னொரு வெட்டு. இந்த ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் வரும். இப்படி இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் நடுத்துண்டு செத்த துண்டு. அதற்குள் போகும் வண்டி நின்றுவிடும். கையால் தள்ளினால்தான் நகரும். வண்டியை ஓரம்கட்டி நிறுத்துவதற்காக இப்படிச் செய்வது உண்டு. ஆனால் அதற்கு ஒரு சுவிட்ச் வைப்பார்கள். இங்கே சுவிட்சும் இல்லை, ஒயரும் இல்லை. பக்கத்தில் ஸ்டேஷன்கூட இல்லை. வெறும் பொட்டல்.

"பெரியவர் ஏதோ பாதியில விட்டுட்டார் போல" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஈயத்தை உருக்கி இரண்டு வெட்டையும் அடைத்தாள். சொத்தைப் பல்லை அடைப்பதுபோல நிரப்பி, அரத்தால் ராவி, மேலே விரல் ஓட்டிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ரயில் நிற்காமல் ஓடியது.

மறுநாள் காலை அதே இடத்தில் நின்றது.

ஈயம் போயிருந்தது. வெட்டு அப்படியே இருந்தது.

"என்னங்க, என் தண்டவாளத்துல கை வச்சீங்களா?"

"நான் கியரைத் தவிர எதுலயும் கை வைக்கறதில்லம்மா" என்றார் மாமா.

திரும்ப அடைத்தாள். மறுநாள் திரும்ப வெட்டு. அந்தத் துண்டையே பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுத் தண்டவாளம் போட்டாள். புதிதிலும் வெட்டு. தண்டவாளத்தை இரண்டடி தள்ளி வேறு பாதையில் கொண்டுபோனாள். வெட்டும் இரண்டடி தள்ளி வந்தது. அறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து சத்தம் கேட்டது.

ஸ்ர்ர்... ஸ்ர்ர்... ஸ்ர்ர்...

அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். மெல்லிய ரம்பம் உலோகத்தை அறுக்கும் சத்தம். வாயில் நுரையோடு மாடிக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். யாரும் இல்லை. வெட்டு இருந்தது. அறுத்த இடத்தில் பொடி உதிர்ந்திருக்க வேண்டுமே... ஒரு துளி இல்லை. தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அறுத்த உலோகம் சுட வேண்டும். இது ஐஸ் கட்டியைத் தொட்டதுபோல ஜில்லென்று இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே விழுந்தடித்து ஓடியிருப்பார்கள். அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. கீழே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் காலி அறையைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா கடிகாரக்காரரே, உங்க வேலை மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா மேஜை இப்ப என்னுது. நீங்க வெட்டுங்க, நான் அடைக்கறேன். யாருக்கு முதல்ல கை வலிக்குதுன்னு ஒரு கை பாத்துடலாம்."

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. எழுந்ததும் முதல் வேலை வெட்டை அடைப்பது, அப்புறம்தான் டீ. பயப்படுவதற்கு அவளுக்கு நேரமே இல்லை. மாமா மட்டும் ஒருநாள் சொன்னார்.

"யாரோ கை காட்டறாங்க போலம்மா. ஒரு தடவை நிறுத்திட்டுத்தான் போயேன். என்ன வந்துடப் போகுது?"

"அது உங்க பஸ். இது என் ரயில். இங்க ஸ்டாப்பிங் கிடையாது."

ஆனால் ஒரே ஒரு தடவை அவளும் நிறுத்திப் பார்த்தாள். என்னதான் ஆகிறது பார்க்கலாம் என்று வெட்டை அடைக்காமலே வண்டியை விட்டாள். வண்டி நின்றது. பெட்டிகளுக்குள் மினுக்கென்று சின்ன விளக்குகள் உண்டு. அவற்றுக்கும் மின்சாரம் தண்டவாளத்திலிருந்துதான். செத்த துண்டில் அவை அணைந்துவிட வேண்டும். அணையவில்லை. முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணைச் சொருகியது. நன்றாகத் தூங்கி எழுந்தவளுக்கு, காலை வெயிலில், நின்றபடியே தூக்கம். உதறிக்கொண்டு வண்டியை விரலால் தள்ளினாள். ஐந்து பெட்டியை அலட்சியமாக இழுக்கிற எஞ்சின், அன்று இரண்டே பெட்டியோடு பாலத்தின் ஏற்றத்தில் சக்கரம் சுழன்று திணறியது.

இதை அவள் மாமாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். ஏன் சண்டை போடுகிறார் என்றே தெரியாமல் ஒருவரோடு சண்டை போடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. "அந்தம்மாகிட்டயே கேட்டுடலாம், வாடா" என்றாள்.

அடுத்த லீவு நாளில் நான் கொஞ்சம் சீக்கிரமாகவே ஸ்கூட்டரோடு போய் நின்றேன். அதுதான் வினையாகப் போனது. அவள் இன்னும் மாடிக்கே போயிருக்கவில்லை. "வந்து அடைச்சுக்கறேன், எங்க ஓடிடப் போகுது" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கடிகாரக்காரரின் மனைவி எங்களைப் பார்த்ததும் முகம் மாறினார். ஆனால் உட்காரச் சொன்னார். சுவரெல்லாம் கடிகாரங்கள். ஒன்றுகூட ஓடவில்லை. அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் அந்தப் பொட்டல்ல எதுக்கும்மா தண்டவாளத்தை வெட்டி வச்சார்?"



"அவர் வெட்டலம்மா... அடைச்சார்."

"என்னது?"

"தினமும் காலைல. வருஷக்கணக்கா. ஜுரம்னாலும் விடமாட்டார். இங்க நிக்கக் கூடாது, நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டே அடைப்பார்."

"அப்ப வெட்டினது யாரு?"

"அது அவருக்கே தெரியாது."

அக்கா இத்தனை நாளாக யாரோடு மல்லுக்கு நின்றாள்?

"கடைசியில கை நடுக்கம் வந்துடுச்சு" என்றார் அந்த அம்மா. "ஈயம் நிக்கல. அன்னிக்குச் சொன்னார், இன்னிக்கு முடியல, நின்னுட்டுப் போகட்டும்னு. நாற்காலியைப் போட்டு முன்னால உக்காந்தார். நான் டீ கொண்டுபோனேன். வண்டி நின்னுட்டிருந்துச்சு. விளக்கெல்லாம் எரிஞ்சுட்டிருந்துச்சு. கடிகாரம் பாக்கறப்ப கண்ணுல மாட்டற லென்ஸைக்கூட அவர் கழட்டல. அப்படியே..."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

அக்கா எழுந்தாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தவள்... அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய். இன்னிக்கு மாமாவுக்கும் லீவு."

மாமாவுக்கு லீவு என்றால் கை அரிக்கும். பஸ் இல்லாவிட்டால் மாடிக்குப் போய் ரயிலை ஓட்டுவார்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. வழியெல்லாம் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே வந்தாள். நான் எந்த சிக்னலில் நின்றேன், எதில் நிற்கவில்லை என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்குள் நுழையும்போது கீழே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மேஜையில் மாமாவின் போன். பாதி குடித்த டீ.

"என்னங்க!"

பதில் இல்லை.

மாடிப்படி ஏறினோம். பாதிப் படியிலேயே குளிர்ந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. படியில் குளிர்.

அறைக்கதவு திறந்திருந்தது.

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கை இரண்டும் மடியில்.

அவருக்கு எதிரே, அந்தப் பொட்டலில், ரயில் நின்றுகொண்டிருந்தது.

எல்லா விளக்கும் எரிந்தது.

அக்கா மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை மறுபக்கம் சாய்ந்தது. கன்னம் ஜில்லென்று இருந்தது. நான் மூக்கருகில் விரல் வைத்தேன்.

மூச்சு... இருந்தது.

பிறகு இல்லை.

பிறகு, ரொம்ப நேரம் கழித்து, ஒன்று.

அக்கா அழவில்லை. மாமாவை விட்டுவிட்டு ரயிலின் பக்கம் திரும்பினாள். கடைசிப் பெட்டியில் விரல் வைத்துத் தள்ளினாள்.

நகரவில்லை.

உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். நகரவில்லை.

இரண்டு விரலால் தூக்கிவிடலாம் அந்தப் பெட்டியை. நானும் கை வைத்தேன். அதனால்தான் சொல்கிறேன், இது நடந்தது. ரோட்டில் நின்றுபோன பஸ்ஸைத் தள்ளியிருக்கிறீர்களா? அப்படி இருந்தது. ஆள் நிறைந்த பஸ்.

உள்ளே ஏதோ சத்தம்.

கசமுசவென்று... நிறையப் பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிற மாதிரி.

என் கை தானாகப் பின்வாங்கியது. அவள் எடுக்கவில்லை. குனிந்து, அந்த விரலகல ஜன்னலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"எவனா இருந்தாலும் கேட்டுக்கோ" என்றாள். "இது என் ரயில். இது என் வீடு. இவர் என் புருஷன். உன்கூட வர்றதுக்கு இங்க யாரும் டிக்கெட் எடுக்கல. கிளப்புடா வண்டியை!"

பேச்சு நின்றது.

விளக்கு ஒருமுறை மங்கியது.

அவள் தள்ளினாள்.

க்ரீச்...

நகர்ந்தது.

ஒரு விரற்கடை.

இன்னொரு விரற்கடை.

எஞ்சினின் முன்சக்கரம் வெட்டைத் தாண்டியது. மறுநொடி ரயில் அவள் கையை உதறிக்கொண்டு பாய்ந்தது. பாலத்தில் தடதடவென்று ஏறி இறங்கியது. மின்சாரம் இருக்கிற தண்டவாளத்தில் போகிறது, விளக்கு எரிய வேண்டும். ஒன்றுகூட எரியவில்லை. அப்படியே இருட்டாகச் சுரங்கத்துக்குள் போனது.

பின்னால் மாமா நீளமாக மூச்சை இழுத்தார்.

"ஏன் இப்படிக் கத்தற?" என்றார். "இங்கதானே இருக்கேன்."

அப்போதுதான் அக்கா அழுதாள். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே அழுதாள்.

டாக்டர் பிரஷர் இறங்கியிருக்கிறது என்றார். காலையில் வெறும் டீ மட்டும் குடித்ததால் வந்த மயக்கமாம். நாங்கள் தலையாட்டிக்கொண்டோம்.

அந்த மேஜையைக் கொளுத்திவிடு என்றேன் நான். யாருக்காவது கொடுத்துவிடு என்றார் மாமா. அக்கா இரண்டுக்கும் மறுத்துவிட்டாள். "கொளுத்தினா அது எங்க போகும்னு உனக்குத் தெரியுமா? மேஜை கண்ணு முன்னால இருக்கறவரைக்கும் அது என் பிடியில இருக்கு. அடுத்தவங்க தலையில கட்டறதுக்கு நான் என்ன அந்தம்மாவா?" என்றாள். மறுநாள் காலை வெட்டு வந்தது. அடைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்காவிடம் சொல்லாதே என்று ஆரம்பித்தார்.

"நான் ரயிலை ஓட்டலடா. சத்தம் கேட்டுத்தான் மேல போனேன். ஏற்கெனவே ஓடிட்டிருந்துச்சு. என் முன்னால வந்து நின்னுச்சு. பாக்கப் பாக்கப் பெரிசாயிடுச்சு. நிஜ ரயில் மாதிரி. ஒரு பெரியவர் இறங்கினார். ஒரு கண்ணுல கறுப்பா ஏதோ குழல் மாதிரி மாட்டியிருந்தார்."

கடிகாரக்காரரின் லென்ஸைப் பற்றி நாங்கள் மாமாவிடம் மூச்சுவிடவே இல்லை.

"என் தோள்ல தட்டிக்கொடுத்துட்டு மாடிப்படில இறங்கிப் போனார். உள்ள நல்ல கூட்டம். அவர் உக்காந்திருந்த இடம் மட்டும் காலி. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகந்து... எனக்கு இடம் விட்டாங்கடா."

இப்போதெல்லாம் மாமா ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்துவதில்லை. யார் கை காட்டினாலும் சரி.

கடைசியாக ஒன்று. அதற்கப்புறம் ஒருநாள் நான் அக்கா வீட்டில் இருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். அக்கா ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். கடிகாரக்காரரின் மனைவி பேசினார்.

"ஏம்மா... அந்த ரயில் உங்க வீட்ல எப்பவாவது நின்னுச்சா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இங்க கடிகாரமெல்லாம் ஓடுதும்மா. சாவி கொடுத்தது நான் இல்ல."

அந்தப் பக்கம் டிக் டிக் என்று பத்திருபது கடிகாரங்கள் எங்களுக்கே கேட்டன.

"அவர் வந்துட்டார்ம்மா. பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கார். எங்கிட்ட பேச மாட்டேங்கறார்." அழுதார். "ஒரே ஒரு தடவை... இன்னொரு தடவை அந்த வண்டியை நிறுத்துங்கம்மா. அவர் திரும்ப ஏறிப் போகட்டும்."

அக்கா வெட்டின்மேல் ஈயத்தை வைத்தாள். புகை எழுந்தது. ஊதிவிட்டு, அரத்தை எடுத்தாள்.

"அவரை நீங்க பாத்துக்குங்க" என்றாள். "இங்க வண்டி நிக்காது."